கறுக்காத கடதாசி

மருதமுனை
29.8.1954

அன்புள்ள காக்காவுக்கு, தங்கச்சி ஜுனைதா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கு நலம். நீங்கள் அங்கு நீலம் என்று கேள்விப்பட்டேன்.

கொழும்புக் கடையில் நிற்கும் ஜவுபர் ஊருக்கு வந்தபோதுதான் முழுக் கதையும் சொன்னார். வேலைக்குக் கேள்வி கேட்ட துரைக்கு முன்னால் உங்கள் நெற்றியிலிருந்து நீலம் நீலமாக வடிந்ததாமே. சாயத்தூள் எண்ணெயில் கரையாது, வேர்வையில்தான் கரையும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சரி, தெரியும். ஆனால் கொழும்பில் இவ்வளவு வேர்க்கும் என்று தெரியாது. உங்கள் தலை எண்ணெய்ப் போத்தலுக்குள் நான் சாயத்தூள் போட்டதற்காக எட்டு மாதம் எனக்கு ஒரு வரி எழுதாமல் இருக்கிறீர்கள். என் முகத்தில் வேண்டுமானால் பச்சை பூசிவிடுங்கள், ஆனால் கதையுங்கள்.

இப்போது எழுதுவது விளையாட்டுக்கு அல்ல. நமது வீட்டு வளவின் உப்புக் கிணற்றைப் பற்றி. தண்ணீர் உவர்த்துப்போன பிறகு சாயக் கழிவையெல்லாம் வாப்பா அதற்குள்தானே ஊற்றுகிறார். மழைக்கு முன் சேறு அள்ளாவிட்டால் வெள்ளத்தில் நிரம்பி நல்ல கிணற்றுக்குள் போய்விடும். வருசா வருசம் நமது வேலையாள் அச்சிமுகம்மதுதான் இறங்கி அள்ளுவார். போனமுறை நீங்கள் தறிக்குப் பாவு நூல் வாங்க மட்டக்களப்புக்குப் போயிருந்த நாள் நினைவிருக்கிறதா? அன்று அவர் ஏணியில் பாதி ஏறி வரும்போதே மயங்கிவிட்டார். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்தெடுத்தோம். உதடெல்லாம் நீலம். அது நான் பூசாத நீலம், காக்கா.

கிணற்றுக்குள் ஜின் இருப்பதாகத் தெருவே கதைக்கிறது. இந்த முறை இறங்க மாட்டேன், மேலே நின்று கயிறு பிடிக்கிறேன் என்று அச்சிமுகம்மது சொல்லிவிட்டார். வாப்பா கேட்டுவிட்டு, "அப்ப நான் இறங்குறன். ஜின் என்ன என்ட மச்சானா, என்னோட பகிடி பண்ண?" என்றார்.

ஜின்னுக்கு நான் பயமில்லை. இந்தத் தெருவில் பாதிப் பேர் என்னையே ஜின் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உதடு எனக்கு மறக்கவில்லை. கூழ்முட்டை மணக்கும் ஜின்னுக்கு உங்கள் சவர்க்காரக் கொம்பனி ஆய்வுகூடத்தில் ஏதும் மருந்து இருக்கிறதா?

வாப்பாவின் பெயருக்கு நீங்கள் எழுதிய இரண்டு கடிதத்தையும் அவர் உடைக்காமல் திருப்பி அனுப்பினார் என்பது தெரியும். தறியை விட்டுப் போன கோபம் இன்னும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சல்மா உம்மாவின் விலாசத்துக்கு எழுதுங்கள். அவவுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். நல்ல பொருத்தம்.

ஜுனைதா


கொழும்பு
3.9.1954

ஜுனைதா,

அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தில் மன்னிப்பு எந்த வரியில் இருக்கிறது என்று மூன்று தரம் தேடினேன். கிடைக்கவில்லை.

துரை என் நெற்றியைப் பார்த்து, இது என்ன நோய் என்று கேட்டார். நோயில்லை, சாயம், நான் சாயக்காரன் மகன் என்றேன். பிறகு அரை மணித்தியாலம் சாயத்தைப் பற்றியே கேட்டார். அதனால்தான் வேலை கிடைத்தது என்று ஜவுபர் சொல்லித் திரிவான். நம்பாதே.

கிணற்று விசயத்தை வாசித்த பிறகு மற்ற எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டேன். நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுது. கறுப்புச் சாயம் போட்ட தண்ணீரும் அந்தக் கிணற்றுக்குள்ளா போகிறது? அதோடு வேறு என்ன ஊற்றுகிறீர்கள்? எனக்குத் தெரிந்ததையும் விடாமல், இப்போது நடக்கிறபடி எழுது. நாற்றம் எப்போது கூடும், எப்போது குறையும்? இறங்குவதற்கு முன் என்ன பார்க்கிறார்கள்? எந்த நாள் இறங்குவதாக இருக்கிறார்?

வாப்பாவை இறங்க விடாதே. நான் சொன்னேன் என்று சொல்லாதே. சொன்னால் அதற்காகவே இறங்குவார்.

மசூர்


மருதமுனை
8.9.1954

அன்புள்ள காக்கா,

கேள்வி கேட்கிற துரை நீங்கள்தான் போலிருக்கிறது. என் நெற்றியில் ஒன்றும் வடியவில்லை, ஆகையால் ஒழுங்காகவே பதில் சொல்கிறேன்.

கறுப்புச் சாயத் தண்ணீர் முழுவதும் அந்தக் கிணற்றுக்குள்தான். சாயத்தைக் கரைக்க அந்த மஞ்சள் கட்டியையும் போடுகிறோமே, கையில் பட்டால் வழுக்கி வழுக்கித் தோல் உரியுமே, அதுவும் சேர்ந்துதான். அதன் பிறகு நூலைக் கொறுக்காப்புளித் தண்ணீரில் அலசுகிறோம். வாப்பாவின் வாப்பா காலத்தில் மரப்பட்டைச் சாயத்துக்குப் புளித்தண்ணீர் விட்டால்தான் நிறம் பிடிக்குமாம். இப்போது கடைச்சாயம் வந்த பிறகும் அதை விடவில்லை. புளித்தண்ணீரையும் அதே கிணற்றுக்குள் ஊற்றுகிறோம். ஊற்றிய உடனேதான் நாற்றம் எழும்பும். அந்த நேரம் சல்மா உம்மா தன் வீட்டு யன்னலைச் சாத்தும் சத்தத்தை வைத்தே மணி சொல்லலாம்.

நாற்றத்தைப் பற்றி அச்சிமுகம்மதிடம் கேட்டேன். "முதல்ல நல்லா நாறும் புள்ள. கொஞ்சம் நிண்டா நாத்தம் ஒண்டும் தெரியாது. பழகிரும்" என்றார்.

இறங்குவதற்கு முன் லாம்பு இறக்கிப் பார்ப்பார்கள். பிஸ்மி சொல்லிக் கயிற்றில் கட்டி விடுவார்கள். லாம்பு அணைந்தால் இறங்கக்கூடாது, எரிந்தால் இறங்கலாம். அச்சிமுகம்மது மயங்கிய நாளிலும் லாம்பு மாப்பிள்ளை வீட்டு விளக்கு மாதிரி எரிந்தது. அதனால்தான் ஜின் என்கிறார்கள்.

நாள் குறித்தாயிற்று. ஒக்டோபர் இரண்டாம் திகதி, சனிக்கிழமை. உம்மா இப்போதே நேர்ச்சை வைத்துவிட்டா. வாப்பா ஏணிக்குப் புதுப்படி அடிக்கிறார். அந்தச் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஜுனைதா


கொழும்பு
13.9.1954

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதத்தைத் துரையிடம் காட்டினேன். மொழிபெயர்த்துச் சொல்லும்போது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மஞ்சள் கட்டி ஒரு கந்தக உப்பு. அதில் புளி பட்டால் நச்சுக் காற்று கிளம்பும். அதுதான் கூழ்முட்டை நாற்றம். காற்றைவிடப் பாரமானது, அதனால் வெளியே போகாமல் கிணற்றுக்குள் படுத்துக் கிடக்கும். சேற்றைக் கிண்டும்போது இன்னும் கூடும். நாற்றம் பழகிவிடுகிறது என்று அச்சிமுகம்மது சொன்னது பிழை. அந்தக் காற்று மூக்கைச் செத்துப்போக வைக்கிறது. நாற்றம் தெரியாமல் போகும் நேரம்தான் ஆபத்தான நேரம். லாம்பையும் நம்பாதே. ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் லாம்பு எரியும்.

நமது வீட்டில் மூக்கும் பொய் சொல்கிறது, விளக்கும் பொய் சொல்கிறது. பொய் சொல்லாத ஒன்றை இதோடு அனுப்புகிறேன்.

கண்ணாடிக் குழாய்க்குள் பன்னிரண்டு கடதாசித் துண்டு இருக்கிறது. ஈய உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தியது. துரை சொல்லித் தர நானே செய்தேன். ஒன்றை எடுத்து நல்ல தண்ணீரில் நனைத்து, நூலில் கட்டி, சிறு கல் ஒன்றும் சேர்த்துக் கிணற்றுக்குள் இறக்கு. நூறு எண்ணும்வரை வைத்திரு. வெள்ளையாகவே வந்தால் நல்லது. மண்ணிறமானால் நச்சுக் காற்று இருக்கிறது. கறுத்தால் கிட்டவும் போகக்கூடாது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கும் கொண்டு போகலாம், அவ்வளவு சின்னச் சாமான்.

நாக்கில் வைக்காதே. இனிக்கும், ஆனால் நஞ்சு. தொட்டால் கை கழுவு. குழாயை இறுக்கி மூடி வை.

இதை வைத்து விளையாடாதே ஜுனைதா. ஒரு முறையாவது.

மசூர்


மருதமுனை
20.9.1954

அன்புள்ள காக்கா,

முதலில் இருந்து வாசியுங்கள், கடைசிக்குத் தாவ வேண்டாம்.

கடதாசி கிடைத்தது. உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரியாமல் வாப்பாவிடம் எப்படிக் காட்டுவது? அதற்காகத்தான் கோழி அடையிலிருந்து ஒரு கூழ்முட்டையை எடுத்து உடைத்துச் சட்டிக்குள் போட்டு, மேலே ஒரு கடதாசியைக் கட்டினேன். மண்ணிறமாக வந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த நேரம் சல்மா உம்மா வந்தா. எங்கள் தேங்காய் துருவியை அவதான் வாங்கிப் போனதென்று எனக்குத் தெரியும், இல்லையென்று அவ சொல்லிக்கொண்டிருக்கிறா. "இது பொய் பிடிக்கிற கடதாசி, கொழும்பிலிருந்து வந்தது. பொய் சொன்னவங்கட பக்கத்துல கறுக்கும்" என்றேன். சட்டிக்கு மேலே அவவுடைய கையை வைக்கச் சொன்னேன். நாலு கடதாசியைக் கறுக்க வைத்தேன். ஐந்தாவதில் துருவி வந்துவிட்டது. ஆறாவதில் நமது உம்மாவிடம் இரவல் வாங்கிய அரிசி அளக்கும் நாழியும் வந்துவிட்டது.

அவ அழுதுகொண்டு வாப்பாவிடம் போனா. வாப்பா வந்து சட்டியைத் திறந்து பார்த்தார். கூழ்முட்டையைக் கண்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் உண்மையாகவே கிணற்றுக்குள் ஒன்றை இறக்கினேன். எண்பது எண்ணுவதற்குள் அட்டக்கரி. கையில் எடுத்துக்கொண்டு வாப்பாவிடம் ஓடினேன். "கிணத்துக்குள்ளயும் முட்டை போட்டிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தறியில் பாவு நூலைத் திருப்பினார்.

காக்கா, நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது இவ்வளவு நாளும் எனக்குப் பகிடியாக இருந்தது. நாலு கடதாசி மிச்சம். பன்னிரண்டு நாள் மிச்சம்.

ஜுனைதா


கொழும்பு
25.9.1954

ஜுனைதா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேரே துரையிடம் போனேன்.

லீவு கேட்டேன், ஒக்டோபர் கடைசிக் கிழமைக்கு முன் கிடையாது. தந்தி அடித்தால் அதையும் வாப்பா திருப்பி அனுப்புவார். சல்மா உம்மா இந்தக் கடிதத்தை உன் கையில் தருவாவோ என்பதும் தெரியாது. அவவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீயும் கேள். இம்முறை மன்னிப்பு எந்த வரியில் என்று தேட வேண்டாத மாதிரிக் கேள்.

இன்னும் பத்துக் கடதாசி அனுப்புகிறேன். வாப்பா தானே இறக்கிப் பார்க்கட்டும். உன் கையால் செய்ய வேண்டாம். அதற்கும் அவர் சம்மதிக்காவிட்டால் ஏணியை உடை. கயிற்றை வெட்டு. அதற்கு உனக்கு நான் அனுமதி தருகிறேன்.

மசூர்


மருதமுனை
3.10.1954

அன்புள்ள காக்கா,

வாப்பா இறங்கவில்லை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி ஆறுதலாக வாசியுங்கள்.

சல்மா உம்மாவின் காலடியில் போய் இருந்து மன்னிப்புக் கேட்டேன். "உன்ட முகத்தப் பாத்தா மெய்யாத்தான் இரிக்கி" என்று உங்கள் கடிதத்தைத் தந்தா. அதற்கு இரண்டு நாள் எடுத்தது.

நேற்று விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அச்சிமுகம்மது கயிறோடு வந்தார். தண்ணீரை மேலேயே நின்று வாளியால் இறைத்துவிட்டார்கள், சேறு மட்டும் மிச்சம். லாம்பு இறக்கினார்கள். நன்றாக எரிந்தது. வாப்பா சட்டையைக் கழற்றினார். நான் ஏணிக்கு முன்னால் போய்க் குந்திவிட்டேன்.

"எழும்பு."

"கடதாசி இறக்கிப் பாருங்க வாப்பா. நான் தொட மாட்டன், நீங்களே இறக்குங்க."

"உன்ட கூத்துக்கு எனக்கு நேரமில்ல புள்ள, எழும்பு!"

உம்மா கூட என்னை எழும்பச் சொன்னா. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவதையும் நடிப்பென்றுதான் நினைத்தார்கள். ஒரு கடதாசியை நனைத்து நூலில் கட்டி நானே விட்டேன். வேறென்ன செய்ய? ஐம்பது எண்ணினேன். இழுத்தேன். கறுப்பு, மேலே வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அச்சிமுகம்மதுதான் குனிந்து பார்த்தார். நூலை வாங்கினார். தன் வலக்கையைக் கடதாசிக்குப் பக்கத்தில் நீட்டினார். விரலில் அந்த வெள்ளி மோதிரம், அவருடைய நிக்காஹ்வுக்குப் போட்டது.

"முதலாளி, இந்தக் கறுப்ப எனக்குத் தெரியும்" என்றார். "வருசா வருசம் இந்தக் கிணத்தால ஏறினா என்ட மோதிரம் இப்படித்தான் கறுக்கும். இந்த மினுக்கமும் இப்படித்தான். சேறு எண்டு நினைச்சி சாம்பல் போட்டு ரெண்டு நாள் துலக்குவன். சேத்துக்குள்ளயே கிடந்த வாளிக் கம்பி கறுக்கல்ல, மோதிரம் மட்டும் கறுக்கும். ஏன் எண்டு யோசிக்கல்ல."

வாப்பா குனிந்து மோதிரத்தைப் பார்த்தார்.

"புள்ள கடதாசிக்கு முட்டை வச்சிருப்பா. என்ட மோதிரத்துக்கு ஆரு முதலாளி முட்டை வச்ச?"

அப்போது வாப்பா என்னிடம் கை நீட்டினார். குழாயைக் கொடுத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, புதுக்கடதாசி எடுத்து, நூல் முடிச்சை இரண்டு தரம் பார்த்து, தானே இறக்கினார். எண்ணவில்லை, அதற்குப் பதில் நபிகள் மீது ஸலவாத் சொன்னார். மேலே எடுத்தபோது அதுவும் அச்சிமுகம்மது சொன்ன அந்த மோதிரக் கறுப்பாகவே இருந்தது. வாப்பா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். போன வருசம் உன்னை இறக்கியது நான்தானே என்று அச்சிமுகம்மதைப் பார்த்துச் சொன்னார். வேறு யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு, "இதை அனுப்பினது ஆரு?" என்றார். சொன்னேன். வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "மறுகா என்ன செய்யிறெண்டு அவன்ட்ட கேளு" என்றார்.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு உங்களைப் பற்றி வாய் திறந்து "அவன்" என்றார், காக்கா. கேட்கிறேன். மறுகா, இனிமேல் என்ன செய்ய?

ஜுனைதா


கொழும்பு
7.10.1954

அன்புள்ள ஜுனைதா,

அல்ஹம்துலில்லாஹ். உன் முதல் வரியை வாசித்துவிட்டுச் சாமான் அறைக்குள் போய்ச் சற்று நேரம் இருந்தேன். துரை கதவைத் தட்டி, வாப்பாவா என்று கேட்டார். ஓம், இறங்கவில்லை என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விளங்கிக்கொண்டார்.

அச்சிமுகம்மதின் மோதிரத்தைப் பற்றிக் கேட்டு எங்கள் ஆய்வுகூடமே சிரித்தது. வெள்ளியும் அதே காற்றில்தான் கறுக்கும். நமது வளவில் கடதாசி வருவதற்கு முன்பே ஒன்று இருந்திருக்கிறது, நாம்தான் சாம்பல் போட்டு அழித்திருக்கிறோம்.

செய்ய வேண்டியது இது. கிணற்று வாயைத் திறந்தே வையுங்கள், பிள்ளைகள் போகாமல் சுற்றி வேலி கட்டுங்கள். நீற்றுச் சுண்ணாம்பை நிறையக் கரைத்து மேலே நின்றே ஊற்றுங்கள். சுண்ணாம்பு அந்தக் காற்றைக் கிளம்ப விடாது. புளித்தண்ணீர் ஒரு சொட்டும் இனி அதற்குள் வேண்டாம், தூரத்தில் வேறு குழி வெட்டுங்கள். ஊற்றும்போது நச்சு உங்கள் மேல் படாதபடி, வெளிக்காற்று வீசி வரும் பக்கமாக நில்லுங்கள். நாள்தோறும் தண்ணீர் விட்டு வாளியால் இறையுங்கள். நாள்தோறும் ஒரு கடதாசி. மூன்று நாள் தொடர்ந்து வெள்ளையாக வந்தால் மட்டும் இறங்கலாம். அப்போதும் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், பக்கத்தில் ஒரு கடதாசி தொங்க வேண்டும். நிறம் மாறினால் கேள்வி கேட்காமல் இழுத்தெடுங்கள்.

இதோடு இன்னும் இருபது கடதாசி வைத்திருக்கிறேன்.

நீ ஏணிக்கு முன்னால் குந்தியதை நினைத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் போத்தல் கணக்குத் தீர்ந்தது.

மசூர்


மருதமுனை
21.10.1954

அன்புள்ள காக்கா,

கடதாசி முதல் நாள் கறுப்பு. சுண்ணாம்பு ஊற்றிய பிறகு கோப்பி. அதற்கடுத்த நாள் தேத்தண்ணி. அதற்கடுத்து பால் தேத்தண்ணி. பிறகு வெறும் பால், பால், பால். கடையில் கூட இவ்வளவு ஒழுங்காகத் தர மாட்டார்கள். எல்லாவற்றையும் திகதி போட்டுக் கூரைத்தட்டியில் செருகி வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை வாப்பா இறங்கினார். அச்சிமுகம்மதும் அடுத்த தெரு அப்துல் ஸமட் காக்காவும் கயிறு பிடித்தார்கள். நான் கடதாசி நூலைப் பிடித்தேன். கண்ணாடி இல்லாமல் அந்த இருட்டுக்குள் வாப்பாவுக்கு நிறம் தெரியாது. ஐந்து வாளிக்கு ஒரு தரம் உள்ளே இருந்து சத்தம் வரும்.

"புள்ள, என்ன நிறம்?"

"வெள்ளை வாப்பா."

"நல்லாப் பாத்தா சொல்றாய்?"

"நல்லாப் பாத்துத்தான்."

பதினொரு தரம் கேட்டார். பதினொரு தரமும் இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் சொன்னேன். ஏழாவது தரம் ஓரத்தில் சின்ன மஞ்சள் மாதிரித் தெரிந்தது. வெறும் நிழலோ என்னவோ. நான் யோசிக்கவில்லை, "ஏறுங்க!" என்றேன். வாப்பாவும் யோசிக்கவில்லை, மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறிவிட்டார்! இன்னும் சுண்ணாம்பு ஊற்றி, மத்தியானம் ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு புதுக்கடதாசி வெள்ளையாக வந்த பிறகுதான் திரும்ப இறங்கினார். என் ஒரு சொல்லுக்கு ஒரு ஆள் ஏணி ஏறினார் என்பதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அஸருக்குள் முடிந்தது. ஏறி வந்து, குளித்து, மூன்று கோப்பைச் சோறு தின்றார். உம்மா பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டே அழுதா, அழுதுகொண்டே மீன் போட்டா.

அப்துல் ஸமட் காக்காவும் சாயக்காரர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வளவிலும் அப்படி ஒரு கிணறு. இன்றைக்கு ஆள் இறக்குவதாக இருந்தாராம். எழும்பிப் போகும்போது, "அந்தக் கடதாசில ரெண்டு மிச்சமிருந்தாத் தா மகள், நான் பாத்துக்குறன்" என்றார்.

நான் குழாயைத் திறக்கப் போனேன். வாப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"நாளைக்கு இறக்காத ஸமட். சுண்ணாம்பு ஊத்து, வாயத் திறந்து வை, ஆளை மட்டும் இறக்காத. நம்மட ரெண்டு தெருவுலயும் இப்படி ஆறு கிணறு இரிக்கி. என்ட மகன் வருவான். அவன் வந்து பாத்து வெள்ளை எண்டு சொன்ன மறுகா இறக்கு."

"எப்ப வாறார்?"

வாப்பா என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, காக்கா. அடுத்த கிழமை என்று சொல்லிவிட்டேன். மழை இந்தப் பக்கம் மூட்டம் போடத் தொடங்கிவிட்டது. துரையிடம் லீவு கேளுங்கள், கடதாசி நிறையக் கொண்டு வாருங்கள். மட்டக்களப்பு ரயிலடிக்கு வாப்பாவே வருவதாக இருக்கிறார்.

ஜுனைதா